ஒன்பது பிள்ளைகள், ஆறு பழைய லேப்டாப், ஒரு ஞாயிற்றுக்கிழமை

என் மகளுக்குப் பதினொரு வயது. மூன்று வருடமாக வீட்டில்தான் படிக்கிறாள். "படிப்பெல்லாம் சரி, பழக நாலு பேர் வேண்டாமா?" என்று கேட்காத உறவினர் எங்கள் பக்கம் ஒருவரும் இல்லை. அவர்கள் வாயை அடைக்கவே அவளைப் பூங்காவுக்கும் பெசன்ட் நகர் கடற்கரைக்கும் கூட்டிப்போவேன். முன்பின் தெரியாத பிள்ளைகள் முன்னால் நிறுத்தி, "போ, போய் விளையாடு" என்று முதுகில் தட்டுவேன். அவள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பிள்ளைகளும் எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

இன்னொரு பக்கம் வீட்டு லேப்டாப். விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோயின. 11க்குப் போகலாம் என்றால், இந்தக் கணினி தாங்காது என்று செய்தி வந்தது. தெரிந்த வீடுகளில் விசாரித்தால் எல்லார் வீட்டிலும் இதே கதை. சரி, எல்லாரும் ஒரே நாளில் கொண்டுவாருங்கள், பிள்ளைகளே இயங்குதளத்தை (ஆபரேட்டிங் சிஸ்டம்) மாற்றட்டும் என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். முதல் தடவை பாதி சொதப்பல். இதுவரை மூன்று தடவை நடத்தியாகிவிட்டது. நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. அதனால் என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதுகிறேன்.

1. முதலில் பிள்ளைகள், பிறகு கணினி

ஆறிலிருந்து ஒன்பது பிள்ளைகள் போதும். வயது 9 முதல் 15 வரை கலந்து இருக்கட்டும். பள்ளியில் ஒரே வயதினரை ஒரே அறையில் போடுவது அவர்கள் வசதிக்கு. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நீச்சல் வகுப்பு, சிலம்ப வகுப்பு, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதி என்று உங்கள் பிள்ளை ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை பார்த்த முகங்களில் தொடங்குங்கள். எங்கள் குழுவில் நான்கு பேர் வீட்டில் படிப்பவர்கள், மூன்று பேர் பள்ளிக்குப் போகிறவர்கள், இரண்டு பேர் எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனின் பிள்ளைகள். அந்த இரண்டு பேர்தான் ஸ்க்ரூடிரைவரைப் பயமில்லாமல் பிடித்தார்கள்.

பெற்றோருக்கு நான் அனுப்பும் செய்தி இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "ஞாயிறு காலை 9.30 முதல் 3 மணி வரை. உங்கள் லேப்டாப்பின் மாடல், ராம் அளவு, பிராசசர் பெயர் மூன்றையும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். அதில் இருக்கும் ஃபைல்களை நீங்களே வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு, திறந்து பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். காப்பி எடுக்காத லேப்டாப்பைத் தொட மாட்டோம். சார்ஜர் அவசியம்." கடைசிக்கு முந்தைய வரியை யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

2. எந்த லேப்டாப்புக்கு எது

வெள்ளிக்கிழமை ராத்திரி பட்டியல் கைக்கு வந்ததும் மூன்றாகப் பிரியுங்கள்.

விண்டோஸ் 11 தாங்குபவை: ராம் குறைந்தது 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதி. பிராசசர் பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, ஏஎம்டி லேப்டாப் என்றால் ரைசன் 3000 வரிசையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சுலபம். ஐ5-7200யு என்று இருந்தால் கோட்டுக்கு அடுத்த எண் 7, ஏழாம் தலைமுறை, ஆகாது. ஐ5-8250யு என்றால் எட்டு, ஆகும். இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அப்புறம் கண்ணில் பட்ட லேப்டாப்பையெல்லாம் திருப்பிப் பார்த்து ஜோசியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. 'டிபிஎம் இல்லை' என்று செய்தி வந்தால் உடனே நம்ப வேண்டாம். பல கணினிகளில் அது இருக்கும், பயாஸில் (விண்டோஸ் திறப்பதற்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலி எந்த நிபந்தனையில் தோற்கிறது என்று சொல்லிவிடும். அசல் விண்டோஸ் 10 இருந்தால் 11 இலவசம். பழைய விண்டோஸின் மேலேயே 11ஐ ஏற்றியிருந்தால், பிடிக்காதபோது 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம்.

11 தாங்காது, ஆனால் வீட்டில் யாருக்கோ விண்டோஸ்தான் வேண்டும் என்பவை: விண்டோஸ் 10லேயே கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைத்தால் காசு இல்லை. இல்லாவிட்டால் 30 டாலர். இது தவணை வாங்குவது மாதிரிதான்.

மீதி எல்லாம் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். நாங்கள் போடுவது அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட். 4 ஜிபி ராமுக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த வகை நன்றாக ஓடுகிறது. ஒரு பையன் தன் அக்காவுக்குக் கிடைத்த பழைய அரசு லேப்டாப்பைக் கொண்டுவந்தான், மூடியில் அம்மா படத்தோடு. 2 ஜிபி ராம்தான். அதிலும் ஏறியது, யூடியூபில் மட்டும் திணறும்.

நிபந்தனைகளை ஏய்த்து 11ஐ ஏற்றும் குறுக்கு வழிகள் யூடியூபில் நிறைய உண்டு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். நாலு மாதம் கழித்து அப்டேட் மக்கர் செய்தால் பெற்றோர் போன் உங்களுக்குத்தான் வரும்.

3. ஆவணங்கள்: இங்கேதான் நான் அழுதேன்

இந்தக் கூட்டமெல்லாம் தொடங்குவதற்கு முன்னால், எங்கள் லேப்டாப்பை ஏரியாவில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். "ஸ்லோவா இருக்குண்ணே" என்றேன். சாயங்காலம் போனபோது சிட்டாகப் பறந்தது. டெஸ்க்டாப் காலியாக இருந்தது. "ஃபார்மட் பண்ணாதானே மேடம் ஸ்பீடு வரும்? டேட்டா வேணும்னு நீங்க சொல்லலையே" என்றார். அவர் சொன்னதும் உண்மை, நான் சொல்லவில்லைதான். வீட்டில் படிப்பவர்களும் தேர்வெழுதும் தேசிய திறந்தநிலைப் பள்ளிக்காக (என்ஐஓஎஸ்) என் அண்ணன் மகனுக்கு ஸ்கேன் செய்து வைத்த பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ, கையெழுத்து எல்லாம் அதில்தான் இருந்தன. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பத்து நாளில்.

ஆகவே காப்பி எடுக்க வேண்டியவை, மறக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி. இதை ஒருவரும் நினைப்பதே இல்லை. பல புது லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றினால் அடுத்த தடவை திறக்கும்போது நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கும். அது பெரும்பாலும் முதலில் லேப்டாப்பைத் திறந்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எங்கள் முதல் கூட்டத்தில் ஒரு லேப்டாப் இப்படி மாட்டியது. கணக்கு அந்தப் பெண்ணின் மாமா பெயரில், மாமா துபாயில், அங்கே அப்போது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மூன்று மணி நேரம் ஒரு லேப்டாப் சும்மா கிடந்தது. சாவியை முந்தைய நாளே காகிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

பழைய தமிழ் எழுத்துருக்கள். வீட்டில் தாத்தாவோ அப்பாவோ பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கடிதம், கவிதை, சங்கக் கணக்கு என்று ஏதாவது அடித்து வைத்திருப்பார்கள். ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால், புது இயங்குதளத்தில் திறக்கும்போது ஒரு எழுத்தும் புரியாது, வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள்.

அப்புறம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். சான்றிதழ்களெல்லாம் அங்கேதான் கிடக்கும், 'ஸ்கேன்0047' என்ற பெயரில். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், வைஃபை பாஸ்வேர்டு, பிரின்டர் மாடல் எண் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று கூகுள் டிரைவ் மாதிரி ஏதாவது ஒன்றில். காப்பி எடுத்ததை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காதவரை அதைக் காப்பி என்று நான் ஒத்துக்கொள்வதில்லை.

4. செலவு

பென்டிரைவ் இரண்டு வேண்டும், குறைந்தது 8 ஜிபி. ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் மின்ட். இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றும்போது அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் கல்யாண போட்டோ இருக்கும் பென்டிரைவை எடுக்காதீர்கள். 32 ஜிபி ஒன்று நான் வாங்கியபோது 400 ரூபாய்.

பணம் செலவழித்தால் எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) செலவழியுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதில் வருகிற வித்தியாசம் வேறு எதிலும் வருவதில்லை. 256 ஜிபி 1,800 ரூபாய்க்கு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். விலை மாதத்துக்கு மாதம் ஆடுகிறது, அதனால் நாலு கடை கேளுங்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்துவிடலாம். பில்லும் வாரன்டியும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் 100 ரூபாய் குறைப்பார்கள், குறைக்கட்டும், வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். முதல் தடவை அன்று காலை போய் ஷட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

500 ரூபாய்க்கு 'ஒரிஜினல் விண்டோஸ் கீ' தருகிறேன் என்பவர்களிடம் சிக்காதீர்கள். கொஞ்ச நாளில் செல்லாது என்று வந்தாலும் வரும், பிள்ளைகளுக்கு நாம் காட்டும் பாடமும் நன்றாக இருக்காது.

இடத்துக்கு எங்கள் குடியிருப்பின் சங்க ஹால், 500 ரூபாய் மின்சாரத்துக்கு. மதியம் தக்காளி சாதம், வடகம், ஒரு பெரிய டப்பா தயிர்சாதம். தலைக்கு 150 ரூபாய் வசூலித்தோம். ஒரு குடும்பத்திடம் வாங்கவில்லை, அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

5. தேதி குறிப்பது

ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் இரண்டும் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு மாதங்கள். பெரிய பிள்ளைகள் வர மாட்டார்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மழை. ஜனவரி பொங்கலுக்குப் பிறகு, அல்லது ஜூன் முதல் செப்டம்பர் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் இல்லை, வாரநாளில் வைக்கிறோம் என்றால் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிடுங்கள். காலை 9 மணிக்குப் போனால் மதியம் 2 மணிக்குத்தான் வரும். பாதி அப்டேட்டில் கரன்ட் போய், லேப்டாப்பின் பேட்டரியும் செத்திருந்தால் விண்டோஸ் கெட்டுப்போகும். பழைய லேப்டாப்புகளின் பேட்டரி அநேகமாகச் செத்துத்தான் இருக்கும். அவற்றை யுபிஎஸ்ஸில் செருகுங்கள்.

டவுன்லோட் எல்லாம் முந்தைய ராத்திரியே முடிய வேண்டும். மின்ட் ஏறக்குறைய 3 ஜிபி, விண்டோஸ் 11 அதைவிடப் பெரியது. ஆறு லேப்டாப்பும் ஒரே வைஃபையில் காலை பத்து மணிக்கு இறக்க ஆரம்பித்தால் அன்று சாப்பாடு மட்டும்தான் நடக்கும்.

6. அன்று

ஒரு லேப்டாப்புக்கு ஒன்றரைப் பிள்ளை என்பது கணக்கு. அதாவது மூன்று பேருக்கு இரண்டு, அதிகம் போனால் இரண்டு பேருக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்று கொடுத்தால் பேச மாட்டார்கள். நாலு பேருக்கு ஒன்று என்றால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவர் கை, ஒருவர் நோட்டு. நோட்டு வைத்திருப்பவர் ஒவ்வொரு படியையும் மணியோடு எழுத வேண்டும்: "10.20 எஃப்12 அழுத்தினோம். வரவில்லை. 10.24 மறுபடி." பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க உதவும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

மின்ட்டை நேரே ஏற்றாதீர்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை, ஸ்பீக்கர், கேமரா மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் இன்ஸ்டால். டிஸ்க்கை முழுதும் அழிக்கவா என்று கேட்கும் திரையில் மட்டும் எல்லாரும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பெரியவர் ஒருவர் வந்து, நோட்டில் 'காப்பி பார்த்தாச்சு' என்று கையெழுத்து இருக்கிறதா பார்த்துவிட்டுத்தான் அழுத்துவது.

பெரியவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஹாலில் வேண்டாம். முதல் கூட்டத்தில் அப்பாக்கள் ஐந்து பேர் இருந்தார்கள். பத்து நிமிடத்தில் ஸ்க்ரூடிரைவர் அப்பாக்கள் கையில், பிள்ளைகள் போனில். இரண்டாவது தடவையிலிருந்து அப்பாக்களைச் சமையலுக்கு அனுப்பிவிட்டோம். இன்னொரு விதி: "தம்பி எந்த ஸ்கூல், என்ன கிளாஸ்?" என்று ஒருவரும் கேட்கக்கூடாது. வீட்டில் படிக்கும் பிள்ளை அந்தக் கேள்வியில் சுருங்கிவிடும், அப்புறம் சாயங்காலம் வரை விரியாது.

இனி, நான் எதிர்பார்க்காத ஒன்று. இந்த வேலையில் பாதி நேரம் சும்மா காத்திருப்பதுதான். எஸ்எஸ்டி இருந்தால் மின்ட் கால் மணி நேரத்தில் ஏறிவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். பெரம்பூரிலிருந்து வந்த பதிமூன்று வயதுப் பையன் அன்று காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கும் என் மகளுக்கும் ஒரே லேப்டாப். 37 சதவீதத்தில் அசையாமல் நின்றது. அவள் அவனைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே கேட்டாள்.

"அண்ணா, நின்னுடுச்சா?"

"நிக்கல. அந்த லைட்டைப் பாரு. மினுக்குதுல்ல? உள்ள வேலை நடக்குது."

இரண்டு பேரும் குனிந்து, அரிசி அளவு இருந்த அந்த விளக்கை எண்ண ஆரம்பித்தார்கள். 52 சதவீதம் வந்தபோது அவன் வீட்டில் வளர்க்கும் புறாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஒரு புறாவுக்கு 'ரீஸ்டார்ட்' என்று பெயர் வைக்கலாம் என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரெதிரே நிறுத்தி 'பேசு' என்றால் வராத பேச்சு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே விளக்கைப் பார்த்தபோது வந்துவிட்டது.

அதனால் காத்திருக்கும் நேரத்தில் கேரம் போர்டு, வினாடி வினா என்று எதையும் கொண்டுவந்து நுழைக்காதீர்கள். நான் இரண்டாவது தடவை கொண்டுபோனேன். கேரம் தெரிந்த நாலு பேர் ஒரு பக்கம், தெரியாதவர்கள் ஒரு பக்கம் ஆகிவிட்டார்கள். எல்லா லேப்டாப்புக்கும் எஸ்எஸ்டி போட்டு வேகமாக முடிக்கவும் வேண்டாம், இரண்டு மூன்றை நாள் முடியும்வரை மெதுவாகவே விடுங்கள்.

7. வழக்கமாக மாட்டும் இடங்கள்

மின்ட் ஏற்றிய பிறகு வைஃபை தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். போனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் ஆன் செய்யுங்கள், இன்டர்நெட் வந்துவிடும். பிறகு மின்ட்டில் இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் வைஃபைக்கு வேண்டியதைத் தானே கண்டுபிடிக்கும்.

தமிழ் அடிக்க, மின்ட்டின் கீபோர்டு அமைப்பில் தமிழ்99 இருக்கிறது. அன்றே போட்டுக்கொடுத்து, ஒவ்வொருவரும் தங்கள் பெயரை அடித்துப் பார்க்கட்டும். க-வுக்கு எச் அழுத்த வேண்டும் என்றதும் ஒரு பெரிய விவாதம் கிளம்பும், விடுங்கள். லினக்ஸ் பற்றித் தமிழிலேயே படிக்க கணியம் தளம் இருக்கிறது.

வீட்டில் டேலி என்ற கணக்கு மென்பொருளோ, அலுவலக டிஜிட்டல் கையெழுத்தோ ஓடும் லேப்டாப்பை லினக்ஸுக்கு மாற்றாதீர்கள். எங்களிடம் ஒருவர் தன் லேப்டாப்பை அப்படி மாற்றி வாங்கிப்போய், திங்கட்கிழமை காலை ஜிஎஸ்டி தாக்கல் செய்ய முடியாமல் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பேச்சை இங்கே எழுத முடியாது.

8. கலையும் முன்

அடுத்த தேதியைப் பிள்ளைகள் முன்னால் அங்கேயே குறியுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று போனால் மூன்று மாதம் ஓடிவிடும், முகம் மறந்துவிடும். நாங்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு என்று வைத்திருக்கிறோம். எல்லா மாதமும் இயங்குதளம் மாற்ற லேப்டாப் இருக்காது. அப்போது அப்டேட் போடுவது, விசிறியில் தூசி தட்டுவது, யாராவது கொண்டுவரும் ஓடாத பிரின்டர். வந்தவர்களே மறுபடி வர வேண்டும், அதைத்தான் நான் கவனிக்கிறேன்.

நோட்டுகளை வாங்கி வையுங்கள், அடுத்த தடவை அதே மாடல் வந்தால் உதவும். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்குகளை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அழிக்காத டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அரசு லேப்டாப் பையன் மட்டும் தன்னுடையதைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டான். ஆறு திருகுதான். உள்ளே இருந்த கண்ணாடி போன்ற தட்டில் ஒன்பது பேரும் முறை வைத்து முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.